டிகிரி மேஸ்திரி எழுந்து நிற்கிறார்

தன் உடம்பில் நடக்கும் கோளாறுக்குப் பூமியையே குற்றவாளியாக்கி நிறுத்தும் சாமர்த்தியம் உள்ளவர், சென்னையிலிருந்து புதுச்சேரி வரை கிழக்குக் கடற்கரைச் சாலை முழுக்க வலை போட்டுத் தேடினாலும் ஒருவர்தான் அகப்படுவார். மரக்காணத்து உப்பளம் ஒன்றில் மேஸ்திரியாக இருக்கும் டிகிரி.

டிகிரி என்றதும் பட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் படித்தது ஏழாம் வகுப்பு. அதிலும் கடைசி மூன்று மாதம் போகவில்லை என்பதை அவரே பெருமையாகச் சொல்வார். உப்பளத்தில் தண்ணீர் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று பார்க்க ஒரு கண்ணாடிக் குழல் வைத்திருப்பார்கள். தண்ணீரில் மிதக்கவிட்டால் எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் டிகிரி. மூன்று டிகிரியில் உள்ளே வருகிற தண்ணீர், பாத்தி பாத்தியாக மாறி, வெயிலில் காய்ந்து இருபத்தைந்தைத் தொடும்போது உப்பு இறங்கும். அந்தக் குழலை நீளமான தகரப் பெட்டியில் பஞ்சு வைத்து, கைக்குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு திரிந்ததால் அவருக்கு அந்தப் பெயர். மகள் கல்யாணப் பத்திரிகையில் அச்சகத்துக்காரர் இதை யாரிடமோ அரைகுறையாகக் கேட்டுவிட்டு, அவர் பெயருக்குப் பக்கத்தில் ‘பட்டதாரி’ என்று போட்டுவிட்டார். டிகிரி திருத்தச் சொல்லவில்லை. “ஆசையா அடிச்சிட்டான், பாவம்” என்று விட்டுவிட்டார்.

நான் அந்த உப்பளத்து ஆபீசில் ரைட்டராக எட்டு வருடம் இருந்தேன். ஆபீஸ் என்பது ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரு மேசை, இரண்டு நாற்காலி, வெயில். வேலை குறைவாக இருந்ததால் டிகிரியை வேடிக்கை பார்ப்பதற்கு நிறைய நேரம் கிடைத்தது.

குழல் கையில் இருந்தால் அவரால் எதையும் அளக்காமல் இருக்க முடியாது. டீக்கடையில் டீயை அளந்துவிட்டுத்தான் குடிப்பார். பக்கத்து ஊர் பிரம்மதேசத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் மோர் வாளியிலேயே குழலை மிதக்கவிட்டு, “ரெண்டு டிகிரிகூட இல்லப்பா. நம்ம வாய்க்கால்ல மொண்டுகினு வந்தியா?” என்று கேட்டார். சமையல்காரர் கரண்டியோடு வெளியே வந்தார். நான் நடுவில் நின்று பேசியதால் அன்று கல்யாணம் நல்லபடியாக முடிந்தது.

இப்படி ஊரையே அளந்தவரை ஒருநாள் ஒருவர் அளந்தார். உப்பளத் தொழிலாளர்களுக்காக மருத்துவ முகாம் ஒன்று நடந்தது. கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்த டாக்டர், “பிரஷர் நூத்தி எண்பது இருக்கே. இன்னிக்கே மாத்திரை ஆரம்பிக்கணும். உப்பைக் குறைங்க” என்றார்.

“எந்தப் பாத்தியில சார்?” என்று கேட்டார் டிகிரி.

அன்றிலிருந்து காலை எட்டு மணிக்கு ஒரு மாத்திரை. இதில் அவரைக் குறை சொல்லவே முடியாது. எட்டு அடித்தால் பாத்தி நடுவில் நின்றுகொண்டிருந்தாலும் போட்டுவிடுவார். அவர் மனைவி பூங்காவனம் குழம்பில் பாதி உப்புதான் போட்டாள். மலை மலையாக உப்பைக் குவிக்கிற மனிதர், மத்தியானம் என் பக்கத்தில் உட்கார்ந்து சப்பென்ற குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டு, “ஊருக்கெல்லாம் அனுப்பறேன் சார், எனக்கு ரேஷன்” என்பார்.

ஆறு மாதம் சரியாகப் போயிற்று. அப்புறம் அவர் அடிக்கடி மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் போய் வர ஆரம்பித்தார். போனால் சீக்கிரம் திரும்பமாட்டார். கேட்டால், “காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்தேன்” என்பார். ஒருநாள் லீவு போட்டுவிட்டு, சொந்தக்காரர் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று தனியாகப் புதுச்சேரி போய் வந்தார். எந்தச் சொந்தக்காரர் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம் பூமி சுற்ற ஆரம்பித்தது.

பாத்தி ஓரம் குந்திக் குழலில் அளவு பார்த்துக்கொண்டிருந்தவர் சட்டென்று எழுந்தார். எழுந்தவர் அப்படியே இடப்பக்கமாகச் சாய்ந்து, உப்புக் கூடையோடு போய்க்கொண்டிருந்த அஞ்சலையின் தோளைப் பிடித்தார். கூடை கவிழ்ந்தது. அஞ்சலை அந்த உப்பளத்தில் முப்பது வருடமாக உப்பு சுமக்கிறவள். மேஸ்திரியையும் திட்டுவாள், முதலாளியையும் திட்டுவாள். அன்று அரை மணி நேரம் திட்டினாள். அவள் முடிக்கும் வரை காத்திருந்த டிகிரி என்னிடம் வந்து, “சார், இந்தப் பாத்தி சாய்ஞ்சிருக்குது” என்றார்.

இரண்டு ஆட்களைக் கூப்பிட்டு, டியூபில் தண்ணீர் நிரப்பி நான்கு மூலையிலும் மட்டம் பார்த்தோம். ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லை. “டியூப் சரியில்ல” என்றார் டிகிரி.

இரண்டாம் முறை ஆபீசுக்குள்ளேயே நடந்தது. நாற்காலியிலிருந்து எழுந்தவர் மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார்.

“சார், நிலநடுக்கம் எதாவது வந்துதான்னு போன்ல பாருங்க.”

பார்த்தேன். “ஒண்ணும் இல்லையே மேஸ்திரி.”

“உங்க போன்ல டவர் இல்ல.”

மூன்றாம் முறை வரப்பிலிருந்து முழங்கால் அளவு உப்புத் தண்ணீரில் மல்லாந்து விழுந்தார். எழுந்து வந்து வெயிலில் நின்றபோது மீசை, புருவம், காது மடல் எல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்துவிட்டது. பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள். “உள்ள இறங்கிப் பாத்தாத்தான் சரியான டிகிரி தெரியும்” என்று சொல்லிவிட்டுக் கம்பீரமாக நடந்தார். பத்தடி போனதும் மறுபடியும் ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். அப்போது நான் சிரிக்கவில்லை.

கூனிமேட்டில் மெடிக்கல் கடை வைத்திருக்கும் பாய், டிகிரியின் பழைய சிநேகிதர். அவரிடம் கூட்டிப் போனேன். பாய் மெஷினைக் கட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார்.

“அல்லாவே. தொண்ணூறுக்கு அறுபது. இன்னாப்பா டிகிரி, ரொம்ப லோவா இருக்குது.”

“ஏறியிருக்குதுன்னு மாத்திரை கொடுத்தாங்க. இப்ப இறங்கியிருக்குது. ஜெயிச்சிட்டோம்னுதான பாய் அர்த்தம்?”

“இப்படி ஜெயிச்சா நீ கீழ விழுந்துடுவே. வேற எதாவது மாத்திரை போடறியா?”

“உன் கடைய விட்டா எனக்கு ஏது கடை?”

பாய்க்கு இந்தப் பதிலில் சந்தோஷம். ஆனாலும், “உடனே போயி டாக்டரைப் பாரு. நீயா எதையும் நிறுத்தாத, நீயா எதையும் கூட்டாத” என்று மூன்று தரம் சொல்லி அனுப்பினார்.

டிகிரி டாக்டரிடம் போகவில்லை. உப்பு விஷயத்தில் டாக்டருக்கு என்ன தெரியும் என்பது அவர் கட்சி. உடம்பில் தண்ணீர் முற்றவில்லை, உப்பு போதவில்லை என்று தானே முடிவு கட்டி, எலுமிச்சம்பழச் சாற்றில் ஒரு பிடி உப்பைப் போட்டுக் குடித்தார். பிரஷர் மாத்திரையை நான்கு நாள் நிறுத்தினார். தலை வெடிக்கிற மாதிரி வலித்தது. பாயிடம் போய் அளந்தால் நூற்றெழுபது. பயந்து போய் மாத்திரையை மறுபடி ஆரம்பித்தார். மறுபடி சுற்றியது.

இதுவரை இது எங்களுக்கு வேடிக்கை. அதற்கப்புறம் வேடிக்கையாக இல்லை.

பக்கத்துக் குப்பத்தில் விஷச் சாராயம் குடித்து ஆட்கள் செத்துப்போன பிறகு, எங்கள் பக்கத்தில் தள்ளாடி நடப்பது சாதாரண விஷயமாக இல்லை. ஒரு சாயங்காலம் பாய் கடைக்குப் போகப் பஸ்ஸிலிருந்து இறங்கிய டிகிரி, கூனிமேடு நிறுத்தத்தில் கம்பியைப் பிடித்தபடி ஆடிக்கொண்டு நின்றார். ரோந்துக்கு வந்த போலீஸ்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, ஒரு மெஷினை வாயருகே நீட்டி ஊதச் சொன்னார். டிகிரி ஊதினார். பூஜ்யம் காட்டியது. போலீஸ்காரருக்கு நம்பிக்கை வரவில்லை. இன்னொரு தரம் ஊதச் சொன்னார். மறுபடியும் பூஜ்யம்.

“இந்த மீட்டர கடைசியா எப்ப சரிபாத்தீங்க?” என்று கேட்டார் டிகிரி. “ஏன்னா எங்க மீட்டர்ல சுத்தமான மழைத்தண்ணிதான் பூஜ்யம் காட்டும்.”

அவரை அரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டுத்தான் அனுப்பினார்கள். அவர் வீடு போய்ச் சேர்வதற்குள், டிகிரியைப் போலீஸ் பிடித்துக் குடித்திருக்கிறாரா என்று ஊதச் சொன்ன செய்தி வீட்டுக்குப் போய்விட்டது. ஊதினதில் ஒன்றும் இல்லை என்ற பாதி மட்டும் போய்ச் சேரவில்லை.

பூங்காவனத்தின் தம்பி சாராயத்தில் போனவன். அவனை ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கி வந்த அன்றே, இந்த வீட்டில் ஒரு சொட்டு வந்தால் நான் இருக்கமாட்டேன் என்று அவள் சொல்லியிருந்தாள். டிகிரி கல்யாணமான நாளிலிருந்து தொட்டதில்லை. ஆனாலும் அன்று அவள் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமலே பேச்சை நிறுத்திவிட்டாள். சோறு போட்டு வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். வண்டிச் சாவியை எடுத்து மறைத்துவிட்டாள். முதலாளிக்கும் விஷயம் போயிற்று. அவர் போனில் என்னிடம், “குடிச்சிட்டு வர்ற ஆளை மோட்டார் பக்கம் விடாதீங்க. இன்னொரு தரம் விழுந்தா வீட்டுக்கு அனுப்பிடுங்க” என்றார்.

“குடிக்கலைங்க” என்றேன்.

“எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க” என்றார்.

டிகிரி ஆபீசில் வந்து உட்கார்ந்தார். “சார், நான் குடிச்சிருந்தாகூட இவ்ளோ பேரு நம்பியிருக்கமாட்டாங்க போல” என்றார். வழக்கம்போலச் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

நான்காம் நாள் மேகம் திரண்டது. மழைக்கு முன்னால் உப்பு அம்பாரங்களைக் கீற்று போட்டு மூட வேண்டும். ஒரு அம்பாரத்தின் உச்சியில் கீற்று சரியாகப் படியவில்லை என்று டிகிரியே ஏறினார். நான் வேண்டாம் என்று கத்தினேன். மேலே குந்திக் கயிறு கட்டியவர் எழுந்து நின்றார். இரண்டு விநாடி எங்களையெல்லாம் யாரோ எவரோ என்பதுபோலப் பார்த்தார். அப்புறம் உருண்டு வந்தார். நெற்றி கிழிந்து ரத்தம் கொட்டியது. காயம் முழுக்க உப்பு. அவர் ஒரு சத்தமும் போடாததுதான் எங்களைப் பயமுறுத்தியது. ஷேர் ஆட்டோ ஒன்றைப் பிடித்து ஏற்றும்போது கண்ணைத் திறந்து, “பெட்டி” என்றார். தகரப் பெட்டியை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

அரசு ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் டாக்டர் இருந்தார். நெற்றியில் ஐந்து தையல் போட்டார். அதற்குள் பூங்காவனம் ஓடி வந்துவிட்டாள். டாக்டர் அவரைப் படுக்க வைத்தபடியே பிரஷர் பார்த்தார்: நூற்று முப்பது. இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொள்ள எழுந்து நிற்கச் சொல்லிப் பார்த்தார்: எண்பத்தெட்டு.

“ஐயா, படுத்திருந்தா நல்லா இருக்கு. எழுந்து நின்னா சட்டுனு இறங்குது. பிரஷர் மாத்திரை தவிர வேற எதாவது சாப்பிடறீங்களா?”

“இல்லைங்க.”

“நாட்டு மருந்து, லேகியம்?”

“கிட்டயே சேக்கமாட்டேன்.”

“தூக்கத்துக்கு, சர்க்கரைக்கு, யூரினுக்கு?”

“யூரினுக்கா” என்று இழுத்தவர் பூங்காவனத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரத்தைப் பார்த்தார். “அது தானா வருதுங்க.”

அந்த நேரம் பார்த்து நர்ஸ் வந்து ஆதார் அட்டை நகல் கேட்டார். “அந்தப் பெட்டியிலதான் எல்லாம் வெச்சிருப்பாரு, பாருங்க சார்” என்றாள் பூங்காவனம். “அத தொறக்காதீங்க சார், மீட்டர் உடைஞ்சிடும்” என்று டிகிரி எழப் பார்த்தார். நான் ஏற்கெனவே திறந்துவிட்டேன். பஞ்சு, பஞ்சுக்குக் கீழே குழல், குழலுக்குக் கீழே பாதி தீர்ந்த ஒரு மாத்திரை அட்டை. புதுச்சேரி கடையொன்றின் காகிதப் பை மடித்திருந்தது.

பூங்காவனம் அட்டையை எடுத்து டாக்டரிடம் நீட்டினாள்.

“அது மீட்டருக்கு, டாக்டர்” என்றார் டிகிரி.

டாக்டர் அட்டையைத் திருப்பிப் படித்தார். முகத்தில் சிரிப்பே இல்லை. “அப்படியா. உங்க மீட்டர் ராத்திரியில எத்தனை வாட்டி எழுந்து பாத்ரூம் போவுது?”

டிகிரி கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார். “நாலு வாட்டி போவுதுங்க.”

“நாலு வாட்டிதான்” என்றாள் பூங்காவனம். “நான் எண்ணிக்கினுதான் படுத்திருந்தேன் டாக்டரம்மா. வெளிய போவாரு, திரும்பி வர்றப்ப செவுத்தப் புடிச்சிக்கினு வருவாரு. முருங்கை மரத்தாண்ட பாட்டில் பொதைச்சி வெச்சிருக்காருன்னு நெனச்சேன். பகல்ல போயி தோண்டிகூடப் பாத்தேன்.”

“அடிப்பாவி, நீதான் தோண்டினதா? நாயின்னு நெனச்சி நான் ரெண்டு வாட்டி மூடினேன்.”

பூங்காவனம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் என்றுதான் நினைக்கிறேன். “நீர் போறதுக்கு மாத்திரைன்னா என்கிட்ட சொல்லக்கூடாதாயா? நான் ஆரு உனக்கு?”

“இத எப்படிச் சொல்றது? ஊரையே அளக்கிறவன், எனக்கு இது சரியா போவலைன்னு போயி சொல்ல முடியுமா?” என்று வேப்பமரத்திடம் சொன்னார் டிகிரி.

டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார். வயசான ஆண்களுக்கு நீர்ப்பை வாயில் இருக்கும் சுரப்பி வீங்குவது சகஜம். அதற்குப் புதுச்சேரி டாக்டர் கொடுத்த மாத்திரை தப்பானதில்லை. ஆனால் அதுவும் ரத்தக் குழாயைத் தளர்த்தும், பிரஷர் மாத்திரையும் தளர்த்தும். இரண்டு டாக்டருக்கும் ஒருவர் கொடுத்தது இன்னொருவருக்குத் தெரியாது. அதன் மேல் நாள் முழுக்க வெயில், வியர்வை. உட்கார்ந்தவர் எழுந்தால் ரத்தம் காலிலேயே தங்கிவிடும், தலைக்கு ஏறாது. அதனால்தான் சுற்றுகிறது.

“அப்ப பாத்தி சாயலை” என்றார் டிகிரி, ரொம்ப வருத்தமாக.

டாக்டர் பிரஷர் மாத்திரையின் அளவைக் குறைத்தார். மற்றதைப் படுக்கப் போகும்போது போடச் சொன்னார். தண்ணீர் குடிக்க வேண்டும். உப்புக் கரைசல் வைத்தியம் கூடாது. படுத்திருந்தால் முதலில் உட்கார வேண்டும், காலைத் தொங்கப் போட்டுப் பாதத்தை ஆட்ட வேண்டும், கொஞ்சம் பொறுத்து ஒன்றைப் பிடித்துக்கொண்டு எழ வேண்டும், எழுந்ததும் நடக்கக்கூடாது, நின்று பார்க்க வேண்டும். சுற்றினால் வெட்கப்படாமல் உடனே உட்கார்ந்துவிட வேண்டும். இனிமேல் எந்த டாக்டரிடம் போனாலும் எல்லா மாத்திரையையும் ஒரே பையில் கொண்டு போக வேண்டும்.

இதைக் கேட்டு ஒழுங்காக நடந்திருந்தால் அவர் சாதாரண மனிதர். டிகிரி இதை ஒரு சடங்காக்கிவிட்டார்.

பாயிடம் ஒரு பிரஷர் மெஷின் வாங்கினார். படுத்தபடி ஒன்று, உட்கார்ந்து ஒன்று, நின்று ஒன்று என்று மூன்று தரம் அளந்து, டாக்டருக்குக் காட்ட ஒரு நோட்டில் எழுதினார். எழுந்து நிற்பதற்கு அவருக்கு நான்கு நிமிடம் ஆயிற்று. முதலில் பாதம் ஆடும். அப்புறம் கெண்டைக்கால். அப்புறம் ஒரு பெருமூச்சு. அப்புறம் இடுப்பு மெல்ல நாற்காலியை விட்டுக் கிளம்பும். புதுச்சேரி பஸ்ஸில் வந்தால் கூனிமேடு தாண்டும்போதே காலை ஆட்டத் தொடங்கினால்தான் மரக்காணத்தில் இறங்க முடியும். கண்டக்டர்கள் இதைத் தெரிந்துகொண்டு, “டிகிரி, ஸ்டார்ட் பண்ணுங்க” என்று குரல் கொடுத்தார்கள்.

டாக்டர் சீட்டை நான் அனுப்பிய பிறகு குடிப் பேச்சை விட்டிருந்த முதலாளி ஒருநாள் திடீரென்று வந்தார். எல்லோரும் எழுந்து நின்றோம். டிகிரி மட்டும் உட்கார்ந்தபடி பாதத்தை ஆட்டிக்கொண்டிருந்தார்.

“இன்னா பண்றாரு அவரு?” என்று முதலாளி என்னிடம் கேட்டார்.

“எழுந்துக்கறாருங்க.”

“எப்ப?”

“இப்பதான் ஆரம்பிச்சிருக்காருங்க.”

மயக்கம் குறைந்தது. விழுவது நின்றது. அதோடு அவர் மற்றவர்கள் விஷயத்தில் இறங்கினார். மெஷினைத் தூக்கிக்கொண்டு பாத்தி பாத்தியாகப் போய், “பிரஷருக்குப் போடறியா? நீருக்குப் போடறியா? வெக்கப்படாம சொல்லு, நானே போடறேன்” என்று ஊர் கேட்கக் கேட்டார். மூன்று பேர் தலையைக் குனிந்தபடி ஒத்துக்கொண்டார்கள். மூவரையும் ஒரே ஷேர் ஆட்டோவில் அந்த டாக்டரிடம் கூட்டிப் போனார். முருங்கை மரத்தடி ரகசியம் இத்தனை வருடம் எத்தனை வீட்டில் இருந்திருக்கிறது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

பெண்களை மட்டும் அவர், “தண்ணி குடிங்க, தண்ணி குடிங்க” என்று விரட்டினார். அவர்கள் தலையாட்டிவிட்டுக் குடிக்காமல் போனார்கள். ஒருநாள் பதினொரு மணி வெயிலில் அஞ்சலை கூடையோடு அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். டிகிரி ஓடிப்போய் அளந்தார். தொண்ணூறுக்குக் கீழே.

“இன்னா மாத்திரை போடற அஞ்சலை?”

“ஒரு மாத்திரையும் இல்ல.”

“காலையிலேர்ந்து எவ்ளோ தண்ணி குடிச்ச?”

“குடிக்கல.”

“ஏன்? நான் தொண்ட தண்ணி வத்த சொல்றனே.”

அஞ்சலை அவரை நிமிர்ந்து பார்த்தாள். “குடிச்சா எங்க போறது மேஸ்திரி? நீ மோட்டார் கொட்டாய் பின்னால போயிடுவ. சுத்தி ஒரு மரம் இருக்குதா, ஒரு மறைப்பு இருக்குதா? வீட்ல போயித்தான் போவணும். முப்பது வருஷமா நான் மத்தியானம் வரைக்கும் தண்ணி குடிக்கறதில்ல. நான் மட்டும் இல்ல, எவளும் குடிக்கறதில்ல.”

டிகிரி அவள் கையிலிருந்த பட்டையைக் கழற்றினார். மெஷினை மடித்து வைத்தார். அன்று முழுவதும் எதையும் அளக்கவில்லை.

அந்த வாரம் முதலாளி வந்தபோது டிகிரி முதலாளி நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.

“பொம்பளைங்களுக்குக் கக்கூஸ் வேணும்” என்றார்.

“உப்பளத்துல எவன்பா கக்கூஸ் கட்டறான்? இத்தனை வருஷமா இல்லாதது.”

“இத்தனை வருஷமா அவங்க தண்ணி குடிக்காம வேலை செய்யறாங்க. எனக்கே இப்பதான் தெரியுது. உங்களுக்கும் இப்பதான் தெரியுது. இனிமே தெரியாதுன்னு சொல்ல முடியாதில்ல?”

“சரி, பாக்கலாம். எழுந்திரு, நான் குந்தணும்.”

“அவசரமா எழுந்தா விழுந்துடுவேன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. மனசுல கவலை இருந்தா இன்னும் லேட் ஆவும். இப்ப கவலை இருக்குது.”

முதலாளி என் பக்கம் திரும்பினார். நான் அவரிடம் சம்பளம் வாங்குகிறவன். எட்டு வருடத்தில் அவர் முன்னால் நான் செய்த ஒரே வீரச் செயல் அதுதான். “ஆமாங்க, டாக்டர் அப்படித்தான் சொன்னாங்க. நான் கூட இருந்தேன்” என்றேன். கவலையைப் பற்றி டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் புழுக்கத்தில் நின்று பார்த்த முதலாளி, கடைசியில் என் நாற்காலியில் உட்கார்ந்து கொத்தனாருக்குப் போன் போட்டார். அவர் பேசி முடிக்கும் வரை டிகிரியின் பாதம் அசையவே இல்லை. முடித்ததும்தான் ஆட ஆரம்பித்தது.

மூன்று வாரத்தில் தகரச் சுவர் வைத்து இரண்டு கழிப்பறையும், மேலே ஒரு தண்ணீர்த் தொட்டியும் வந்தன. அதற்கு ‘டிகிரி காலேஜ்’ என்று பெயர் வைத்தவள் அஞ்சலை. அந்தப் பெயர்தான் நிலைத்தது. மத்தியானத்துக்கு முன்னால் அவள் ஒரு பாட்டில் தண்ணீரைக் கவிழ்த்துக் குடிப்பதை டிகிரி தூரத்திலிருந்து, ஒன்றும் சொல்லாமல் பார்ப்பார்.

பிறகு நான் அந்த வேலையை விட்டுத் திண்டிவனம் பக்கம் போய்விட்டேன். போன மாதம் ஒரு வேலையாக மரக்காணம் போனேன். டிகிரி வீட்டில் பூங்காவனம் நண்டுக் குழம்பு வைத்திருந்தாள். இரண்டு பேரும் ஓயாமல் சண்டை போட்டுக்கொண்டார்கள். கேட்க நன்றாக இருந்தது. சாயங்காலம் வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் பஸ் நிறுத்தம் வரை வந்து, அங்கே சிமெண்டு பெஞ்சில் என்னோடு உட்கார்ந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். நெற்றித் தழும்பு வெளுத்திருந்தது.

என் பஸ் வந்தது. நான் எழுந்தேன்.

“நீங்க ஏறுங்க சார். நான் எழுந்து டாட்டா காட்டறதுக்குள்ள பஸ் போயிடும். ஒண்ணும் நெனச்சிக்காதீங்க” என்றார். பாதம் அதற்குள் ஆடத் தொடங்கியிருந்தது.

கண்டக்டர் விசில் ஊதினார். நான் அவரைப் போகச் சொல்லிக் கையை அசைத்துவிட்டு, டிகிரி பக்கத்தில் மறுபடியும் உட்கார்ந்துகொண்டேன். திண்டிவனத்துக்கு இன்னும் நிறைய பஸ் இருக்கிறது.